காலாங்கில் ஒரு சைவ ஹோட்டல்

செம்பவாங் சிதம்பரத்துக்கு இந்த உலகத்தில் அருவருப்பு இல்லாத இடம் ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய கட்டிலின் இடது பக்கம். வலது பக்கத்தில் அவர் மனைவி சுதா படுக்கிறார். கல்யாணமான நாளிலிருந்து குளிக்காமல் படுத்ததே இல்லை அந்த அம்மாள். ஆனாலும் அந்தப் பக்கத்தைப் பற்றிச் சிதம்பரத்துக்கு இன்னும் ஒரு சின்னச் சந்தேகம் உண்டு.

லிஃப்ட் பொத்தானை முழங்கையால் அமுக்குவார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்க மாட்டார். டிரைவர் பிரேக் போட்டால் கடைசி சீட்டுப் பக்கம் நின்றவர் ஓட்டமாக ஓடி டிரைவர் தோளில் போய் முட்டுவார். காப்பிக்கடை நாற்காலியை உட்காரும் முன் டிஷ்யூவால் துடைப்பார். துடைத்த டிஷ்யூவை உற்றுப் பார்ப்பார். பார்த்த பிறகு நின்றுகொண்டே குடிப்பார்.

மனிதர் பிறக்கும்போதே இப்படிப் பிறக்கவில்லை. பார்த்த வேலை அப்படி ஆக்கிவிட்டது. சிங்கப்பூரில், கிராஞ்சிப் பக்கம் ஒரு பெரிய சலவை ஆலை. ஊரிலுள்ள ஹோட்டல்களின் படுக்கை விரிப்பு, தலையணை உறை, துண்டு எல்லாம் லாரி லாரியாக அங்கே வந்து இறங்கும். மூட்டையை அவிழ்த்து, விரிப்பு வேறு, துண்டு வேறு என்று பிரித்துப் போடுவதுதான் சிதம்பரத்தின் வேலை. அந்த மூட்டைக்குள் என்னென்ன இருக்கும் என்று அவர் சொல்ல ஆரம்பித்தால், சாப்பிட்டுக்கொண்டிருப்பவன் தட்டோடு எழுந்து ஓடிவிடுவான். மீன் தலைக் கறி ஒட்டியிருக்கும். தலைச்சாயம் வழிந்திருக்கும். வெட்டிப் போட்ட கால் நகம், அதுவும் பத்தும் இருக்கும். இந்த ஊரில் விற்கவே விற்காத சூயிங்கம், நன்றாக மென்றது, அதற்குள் கிடக்கும். ஒரு தடவை முழுசாக ஒரு பல்செட் விழுந்தது. அது தன்னைப் பார்த்துச் சிரித்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

"அதான் கையுறை போட்டிருக்கீங்கல்லண்ணே, அப்புறம் என்ன?" என்பான் கூட வேலை பார்க்கும் ஹுசைன்.

"கையுறை கைக்கு சரிடா. கண்ணுக்கு எவன் தைச்சுக் குடுப்பான்? மூக்குக்கு?"

இந்த வேலையில் சேர்ந்த புதிதில்தான் அவருக்குக் கல்யாணம் ஆனது. தேனிலவுக்குக் கேமரன் மலை போனார்கள். அங்கே அறையில் கட்டிலைப் பார்த்தார், தலையணையைத் தூக்கி மோந்து பார்த்தார், அவ்வளவுதான். மூன்று நாளும் மனிதர் மர நாற்காலியில் கால் தூக்கி உட்கார்ந்தபடியே காலத்தை ஓட்டினார். மகள் பிறக்க எட்டு வருஷம் ஆனதற்கு அந்த நாற்காலிதான் காரணம் என்று சுதா சொல்வார். சொந்த அண்ணனே மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து, "ரெண்டு நாள் உங்க வீட்டுல தங்கிக்கட்டுமாடா?" என்று கேட்டபோது, வீட்டில் சின்னம்மை என்று சொல்லி வாசலோடு அனுப்பியவர் அவர்.

அப்படிப்பட்டவருக்கு ஆண்டவன் கொடுத்த மகள் கவிப்ரியா.

அந்தப் பெண்ணைக் குறை சொல்லக்கூடாது. நன்றாகப் படித்தது, நகரத்தில் கணினி வேலை, வாய் நிறையச் சிரிப்பு. ஆனால் அதன் அறை! அந்த அறையில் தரை என்ன நிறம் என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. உடுத்திய துணி, உடுத்தாத துணி, பாதி உடுத்திப் பிடிக்காமல் கழற்றிய துணி எல்லாம் குவிந்து கட்டிலுக்கு மேலே இன்னொரு கட்டிலாக நின்றது. எப்போதோ காப்பி குடித்த கோப்பைக்குள் பச்சையாக என்னவோ முளைத்து, அதற்கு அவள் பெயரும் வைத்துவிட்டாள் என்று சுதா வந்து சொன்ன நாளிலிருந்து சிதம்பரம் அந்தக் கதவுப் பக்கம் போவதில்லை. கழிவறைக்குப் போக அந்தக் கதவைத் தாண்ட வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தாண்டுவார்.

அந்தக் கவிப்ரியாவுக்கு ஒரு மாப்பிள்ளை அமைந்தான். அவளே அமைத்துக்கொண்டாள். அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் ரித்திக், திருச்சிப் பையன். பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருப்பான்; சிதம்பரமே அவனுக்குக் கை கொடுத்திருக்கிறார், பிறகு கை கழுவினார் என்பது வேறு விஷயம். அவனுடைய அப்பாவும் அம்மாவும் பெண்ணையும் குடும்பத்தையும் பார்க்கத் திருச்சியிலிருந்து வருவதாக ஏற்பாடு. அப்பா துரைசாமி சினிமாப் பாட்டுப் பைத்தியம். காலாங் ஸ்டேடியத்தில் பெரிய பாட்டுக் கச்சேரி நடக்கிற சனிக்கிழமையாகப் பார்த்து டிக்கெட் எடுத்துவிட்டார். காலையில் வந்து இறங்குவது, சாயங்காலம் கச்சேரி, மறுநாள் பேச்சு. பிடித்தால் நிச்சயம், பிடிக்காவிட்டால் பாட்டுக் கேட்ட திருப்தியோடு விமானம்.

"அவங்க ஹாலுக்கு வரணும், காப்பி குடிக்கணும், போயிடணும்" என்று சிதம்பரம் வீட்டில் சட்டம் போட்டார். "அந்த ரூம் கதவு மட்டும் திறந்துச்சு, பாப்பா, உன் கல்யாணம் அதோட காலி."

"ரித்திக்குக்கு ஓகேன்னா போதும்லப்பா" என்றாள் கவிப்ரியா.

"அவனுக்கு ஓகே. அவன் அம்மா மூக்குக்கு ஓகே ஆகணும்ல?"

அந்த அம்மா, சிவகாமசுந்தரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் கூப்பிட்டார். பெயரைப் போலவே பேச்சும் நீளம்.

"அண்ணே, சனிக்கிழமை காலையில வந்துடுறோம். உங்ககிட்ட ஒரே ஒரு ஒத்தாசை. அந்த ஸ்டேடியம் பக்கத்துலயே ஒரு நல்ல ஹோட்டலா பார்த்து வெச்சிடுங்க. கச்சேரி முடிஞ்சா இவரு ஒரு நிமிஷம் தாங்க மாட்டாரு."

"அதுக்கென்னம்மா, பார்த்துடுறேன்."

"சுத்தமா இருக்கணும்ணே. முக்கியமா சைவமா இருக்கணும். எங்க குடும்பத்துல இதுவரைக்கும் ஒருத்தரும் அசைவ ஹோட்டல் படி ஏறினதில்ல."

"சேச்சே! நாங்களும் அப்படித்தாம்மா!"

போனை வைத்ததும் சுதா கேட்டார். "என்னங்க அது, சைவ ஹோட்டல்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது லா. சைவ ஜோக்கு, அசைவ ஜோக்குன்னு சொல்றதில்லையா? கண்ட கண்ட ஜோடி வந்து போகாத, குடும்பம் தங்குற இடமா பார்க்கச் சொல்றாங்க. அதை எவ்வளவு நாசூக்கா சொல்றாங்க பாரு. நல்ல குடும்பம்."

வீட்டில் தங்க வைக்கிற தொல்லை தானாகவே தொலைந்தது என்று சிதம்பரத்துக்கு ஒரே குளிர்ச்சி. அன்றைக்கே சுதாவைக் கூட்டிக்கொண்டு ஹோட்டல் பார்க்கக் கிளம்பிவிட்டார். சிராங்கூன் ரோட்டில் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே போகலாம் என்று சுதா பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக வந்தார்.

முதலில் லிட்டில் இந்தியாவிலேயே, ஒரு குறுக்குச் சந்தில் மாடியிலிருந்த விடுதி. அங்கே மேசையில் தமன்னா என்று ஒரு தமிழ்ப் பெண்.

"ஸ்டேடியத்துக்கு எம்ஆர்டி ரயில்ல ஈசியா போயிடலாம் அங்கிள். பெட் வேணுமா, கேப்சூல் வேணுமா?"

"கேப்சூலா? காய்ச்சல் எல்லாம் ஒண்ணும் இல்லம்மா. ரூம் வேணும்."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே உள்ளே கூட்டிப் போய்க் காட்டினாள். சுவர் நெடுக பொந்து. ஒன்றின்மேல் ஒன்றாக, மனிதர்களைப் பார்சல் மாதிரி அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு பொந்திலிருந்து கால் ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலில் இருந்த சாக்ஸை முதலில் என்ன நிறத்தில் வாங்கினார்கள் என்று அதை நெய்தவனே நேரில் வந்தாலும் சொல்ல முடியாது. ஈரத்துண்டு ஏழெட்டு ஏணியில் தொங்கியது. கருவாட்டை டுரியான் பழத்தோலில் பொதிந்து, மழையில் ஒரு வாரம் ஊறப்போட்டு எடுத்த மாதிரி ஒரு வாடை வந்து சிதம்பரத்தின் மூக்கில் குடக்கூலி கொடுக்காமல் குடியேறியது.

"உவ்வே..." என்று வாயைப் பொத்திக்கொண்டு இறங்கியவர், பஃபளோ ரோடு மார்க்கெட்டுக்குப் போய் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி மூக்கில் தேய்த்த பிறகுதான் பேசினார்.

"என் சம்பந்தியம்மாவை அந்தப் பொந்துல போட்டா, அவங்க மண்டையைப் போட்டுடுவாங்க."

"இன்னும் சம்பந்தி ஆகலை. மெதுவா" என்றார் சுதா.

அடுத்து காலாங் பக்கம் போன் மேல் போனாகப் போட்டார். கச்சேரிக்கு மலேசியாவிலிருந்தெல்லாம் ஆள் வருவதால் எல்லா இடமும் நிறைந்துவிட்டது. கடைசியில் கைப்பேசியில் ஒன்று அகப்பட்டது. ஸ்டேடியத்திலிருந்து நடந்தே போகிற தூரம்.

"கேலாங்ன்னு போட்டிருக்கு" என்றார் சுதா, எட்டிப் பார்த்து. "அந்தச் சிவப்பு விளக்கு ஏரியாவா? உங்களுக்கென்ன பைத்தியமா?"

"கேலாங்ல குடும்பமே இல்லையா? ரிவியூ பாரு, எவ்வளவு நல்லா எழுதியிருக்கான். 'வெரி பிரைவேட். யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. மாசத்துக்கு நாலு தடவை வருவேன்'ன்னு போட்டிருக்கான். தங்குனவனே திரும்பத் திரும்ப வர்றான்னா இடம் சுத்தமாதான் இருக்கும்."

போனார்கள். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சீனப் பெரியவர் சுருட்டுப் பிடிக்காத குறையாக உட்கார்ந்திருந்தார். பட்டுப்புடவையில், பூ வைத்து, புதுப்பெண் மாதிரி நின்ற சுதாவைப் பார்த்தார். வியர்த்து வழிந்த சிதம்பரத்தைப் பார்த்தார்.

"அங்கிள், டூ அவர் ஆ? ஃபோர் அவர் ஆ?"

"நோ நோ. ஹோல் நைட்" என்றார் சிதம்பரம் பெருமையாக.

பெரியவர் மறுபடியும் ஒரு முறை அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். "வாவ் அங்கிள்! ஸ்ட்ராங் லா!"

"என்னங்க சொல்றான் அவன்?"

"ஒண்ணுமில்ல. என் உடம்பு நல்லா இருக்காம்."

அறை சிவப்பாக இருந்தது. விளக்கு சிவப்பு, விரிப்பு சிவப்பு. சிவப்பு விரிப்பு எதற்குப் போடுவார்கள் என்று சலவை ஆலையில் இருப்பவனுக்குச் சொல்லித் தர வேண்டாம். சிதம்பரத்துக்கு உள்ளங்கால் கூசியது. தரையில் உள்ளங்கால் படாமல் இரண்டு குதிகாலிலும் நின்றார். அண்ணாந்து பார்த்தால் கட்டிலுக்கு நேர் மேலே, கூரையில், இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாகக் கண்ணாடி.

"மேல எதுக்குங்க கண்ணாடி? படுத்துக்கிட்டே தலை சீவவா?" என்றார் சுதா. சொல்லி வாய் மூடுவதற்குள் அவருக்கே விளங்கிவிட்டது. "சீ! கர்மம்! கர்மம்!" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு படியிறங்கியவர், எம்ஆர்டி நிலையம் வரும்வரை முந்தானையை எடுக்கவில்லை. சிதம்பரம் பின்னாலேயே ஓடினார். வீட்டுக்குப் போய் இருவரும் மூன்று முறை குளித்தார்கள். அவருடைய செருப்பு அன்றைக்கே குப்பைக்குப் போய்விட்டது.

ஆனால் சனிக்கிழமை நெருங்கிக்கொண்டே வந்தது. வேலை முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு தினமும் காலாங், லாவெண்டர் என்று சுற்றினார். ஒரு இடத்தில் ஜன்னலே இல்லை. ஒரு இடத்தில் கம்பளத்தில் காலை வைத்ததும் தவளை மேல் மிதித்த மாதிரி பிசுக்கென்றது. ஒரு இடத்தில் குளியலறை அடைப்பானில் முடி சுருண்டு கிடந்தது. அதை அந்தப் பணியாள் கையால் எடுத்து, "ஹேர் ஒன்லி" என்று ஆறுதல் சொன்னான். சிதம்பரம் அன்று சாப்பிடவில்லை.

கடைசியில், தண்ணீரோரமாக, ஸ்டேடியம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி, ஒரு பெரிய ஹோட்டலில் யாரோ ஒருவர் வேண்டாம் என்று விட்ட அறை ஒன்று கிடைத்தது. சுதாவையும் கூட்டிப்போய்ப் பார்த்தார். வெள்ளைவெளேர் என்று கட்டில். சிதம்பரம் முதல்முறையாக முகம் மலர்ந்து விரிப்பைத் தொடப் போனார். மூலையில் ஒரு நீல நூல் தையல். அவர் ஆலையின் அடையாளம்.

"சுதா, இங்க வா. இந்த ஓரத்துல கிழிஞ்சு ஒட்டுப் போட்டிருக்கு பாரு. இதை நான் செவ்வாய்க்கிழமை பார்த்தேன். இது மேல ஒருத்தன் சாத்தே கறிக்குத் தொட்டுக்கிற கடலைக்குழம்பு மொத்தத்தையும் கவுத்து வெச்சிருந்தான்."

"அதான் துவைச்சாச்சே."

"துவைச்சாச்சு."

"துவைச்சது உங்க கம்பெனிதானே?"

"அதான் பயமா இருக்கு."

சுதா இடுப்பில் கையை வைத்தார். "இதோ பாருங்க. யாரும் படுக்காத விரிப்பு வேணும்னா தறியிலதான் போய்ப் படுக்கணும். நீங்க துவைச்சதையே நீங்க நம்பலைன்னா, ஊர்ல எவன் நம்புவான்? இதுதான் ரூம். முடிஞ்சது."

முடிந்தது. ஆனாலும் வெள்ளிக்கிழமை அந்த ஹோட்டல் மூட்டையை மட்டும் தனியாக எடுத்துவைத்து, மூன்று முறை ஓட்டச் சொன்னார்.

"அண்ணே, இதுக்கு மேல துவைச்சா கொசுவலை ஆயிடும்ணே" என்று ஹுசைன் அழாத குறை.

சனிக்கிழமை காலை விமான நிலையத்தில் சிவகாமசுந்தரி புயல் மாதிரி வந்தார். துரைசாமி பெட்டி தள்ளிக்கொண்டு புயலுக்குப் பின்னால் வந்த தூறல் மாதிரி வந்தார். ரித்திக் வேலையாக ஜகார்த்தா போயிருந்தான், மத்தியானம்தான் திரும்புவான். கவிப்ரியாவை வீட்டிலேயே ஹாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி வைத்துவிட்டு, சிதம்பரமும் சுதாவும் மட்டும் அழைக்கப் போயிருந்தார்கள்.

"நேரா ஹோட்டலுக்குப் போயிடலாமா?" என்றார் சிதம்பரம்.

"ஐயோ, அதைத்தாண்ணே நானும் நெனச்சேன்! பிளேன்ல ஒண்ணும் வாயில வைக்க முடியலை. கருமம், அந்த உருளைக்கிழங்கு முட்டை நாத்தம் அடிச்சுது" என்றார் சிவகாமசுந்தரி. முட்டை நாற்றம் என்று சொன்னபோது அவர் மூக்கு சுருங்கிய அழகைப் பார்த்துச் சிதம்பரத்துக்கு ஒரு பக்கம் மரியாதையும் ஒரு பக்கம் பயமும் வந்தது. இந்த மூக்கு கவிப்ரியாவின் கதவுக்குப் பக்கத்தில் போனால்?

ஹோட்டல் வாசலில் இறங்கியதும் அந்த அம்மாள் அண்ணாந்து பார்த்தார். "ஏயப்பா! நம்ம ஊர் மலைக்கோட்டை உயரம் இருக்கு! உள்ள கூட்டம் இருக்குமாண்ணே? உக்கார இடம் கிடைக்குமா?"

"ரூமே போட்டாச்சும்மா."

"ஏசி ரூமா?"

"பின்ன? ஏசி ரூம்தான்."

"ரொம்பச் செலவு வெச்சிட்டோம் போல. ஏங்க, கேட்டீங்களா, நமக்காக ஏசி ரூம் போட்டிருக்காராம்." துரைசாமி நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டார். சிதம்பரத்துக்கு அது கொஞ்சம் விசித்திரமாகத்தான் பட்டது.

லிஃப்டில் ஏறினார்கள். "இத்தனை மாடி ஏறியா?" என்றார் சிவகாமசுந்தரி. "சட்னி ஆறிடாதா?"

சுதா சிதம்பரத்தைப் பார்த்தார். சிதம்பரம் கூரையைப் பார்த்தார்.

கதவு திறந்தது. நடுவில் கட்டில். மூன்று முறை துவைத்த விரிப்பு. சிவகாமசுந்தரி கட்டிலின் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், குனிந்து கீழேயும் பார்த்தார்.

"இலை எங்கண்ணே போடுவாங்க? கட்டில் மேலயா?"

"இலையா?"

"சைவ ஹோட்டல்னு சொன்னேனே. சாப்பிட."

அப்போதுதான் சிதம்பரத்தின் தலையில் இடி, மின்னல், ஆலங்கட்டி எல்லாம் ஒரே சமயத்தில் விழுந்தன. திருச்சியில் ஹோட்டல் என்றால் இலை போட்டுச் சாம்பார் ஊற்றுகிற இடம். அங்கே ஏசி ரூம் என்றால் காசு கூடக் கொடுத்துக் குளிரில் உட்கார்ந்து தோசை தின்னும் இடம். அந்த அம்மாள் கேட்டது கச்சேரி விட்டதும் புருஷன் பசி தாங்க மாட்டார் என்று ஒரு சாப்பாட்டுக்கடை. சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த சிதம்பரத்துக்கு அது கடை. ஹோட்டல் என்றால் கட்டில்.

"அப்போ... தங்குறது?" என்று இழுத்தார்.

"உங்க வீட்டுலதான்! பொண்ணு எடுக்கப் போற வீட்டுல ரெண்டு நாள் இருந்து பார்க்கத்தானேண்ணே வந்தோம்? ஆமா, இது என்ன இடம்?" அந்த அம்மாளின் குரல் இறங்கியது. "லாட்ஜா?"

சிதம்பரம் தலையாட்டினார். சிவகாமசுந்தரி புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வைத்த காலைப் பின்னால் எடுத்து, நடைபாதைக்கே போய்விட்டார்.

"எங்களை லாட்ஜுல இறக்கிவிடவா அவ்வளவு தூரத்துல இருந்து வரச் சொன்னீங்க? எவன் எவன் படுத்தானோ! எவ எவ தலையோ அந்தத் தலையணையில! சீ, அந்தத் துண்டுல எவன் எதைத் துடைச்சானோ! நெனச்சாலே கொமட்டுது. நான் செத்தாலும் இதுக்குள்ள வர மாட்டேன். ஏங்க, பெட்டியை எடுங்க. வீட்டு வாசலையே காட்ட மனசில்லாதவங்ககிட்ட என்ன சம்பந்தம்? பாட்டும் வேணாம், கூத்தும் வேணாம். திருச்சி பிளேன் எப்போன்னு கேளுங்க."

துரைசாமி பெட்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி கச்சேரி டிக்கெட் இருந்த சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார்.

அந்த அம்மாள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பு இல்லை. சிதம்பரமே காலமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிற பேச்சு. தன் வாயிலிருந்து பிடுங்கி, இன்னும் கொஞ்சம் காரம் போட்டு, திருப்பிக் கொடுத்த மாதிரி இருந்தது. ஆனால் இப்போது வீட்டுக்கு வாங்க என்று சொன்னால் அந்தக் கதவு. சொல்லாவிட்டால் விமானம். ஹாலையும் சேர்த்து எண்ணுகிற மூவறை வீட்டில் விருந்தாளி படுக்க அந்த ஒரே அறைதான் உண்டு. இரண்டிலும் கல்யாணம் காலி. ஒன்றில் மட்டும், கூடவே, தன் கழிவறையை இரண்டு புது மனிதர்கள் உபயோகிப்பார்கள்.

சுதா அவர் முழங்கையில் நறுக்கென்று கிள்ளினார்.

"வீட்டுக்கு வாங்கம்மா" என்றார் சிதம்பரம். வாழ்க்கையில் யாரையும் பார்த்து அவர் சொல்லாத வார்த்தை. சொல்லும்போது பல் வலித்தது. "என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். வாங்க. நம்ம வீடு."

டாக்சியில் சுதா வெளியே பார்த்தபடி, கைப்பேசியில் கிசுகிசுத்தார். "பாப்பா, அவங்க வீட்டுக்கு வர்றாங்க. ஆமா, தங்க. ஆமா, உன் ரூம்லதான். அழாத. எதையாவது பண்ணு."

செம்பவாங் வந்து சேர்ந்தபோது கவிப்ரியா வாசலில் நின்றாள். கும்பிட்டாள். நெற்றியெல்லாம் வியர்வை, மூச்சு வாங்கியது. சிவகாமசுந்தரி வீட்டுக்குள் நுழைந்து, சுவிட்சுப் பலகை மேல் ஒரு விரலை ஓட்டி, விரலைப் பார்த்தார். தூசி இல்லை. சிதம்பரம் அதை ஒவ்வொரு நாளும் துடைக்கிறவர். தண்ணீர் கொடுத்தார்கள். அந்த அம்மாள் உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடித்தார், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. சிதம்பரம் மனதுக்குள் கையெடுத்துக் கும்பிட்டார்.

"கொஞ்சம் புடவையை மாத்திக்கிறேன்" என்று அந்த அம்மாள் அந்தக் கதவைத் திறந்தார்.

சிதம்பரம் கண்ணை மூடிக்கொண்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து எட்டிப் பார்த்தார். தரை! வெளிர்ப்பச்சை மொசைக்! கட்டில் காலி! மேசை காலி! மகள்மேல் அவருக்குப் பாசம் பொங்கி வந்தது.

சிவகாமசுந்தரி புடவையை மாட்ட அலமாரிக் கதவை இழுத்தார்.

மலைச்சரிவு என்றால் அதுதான் மலைச்சரிவு. துணி, பை, பெல்ட், ஒற்றைச் செருப்பு, பிட்சாப் பெட்டி, பிட்சாப் பெட்டிக்குள் பிட்சா, இன்னும் என்னென்னவோ அந்த அம்மாளின் தோள்வரை வந்து இறங்கியது. கடைசியாக மேல்தட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் டப்பா உருண்டு வந்து, அவர் கையிலேயே விழுந்தது. மூடி லேசாகத் திறந்திருந்தது. அதிலிருந்து வந்த நாற்றம் அறையைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, லிஃப்ட் ஏறிப் பதினொன்றாம் மாடிக்குப் போய்விட்டு வந்தது. உள்ளே சாம்பல் நிறத்தில் ரோமம் வளர்ந்து, பூனைக்குட்டி மாதிரி ஏதோ படுத்திருந்தது.

"ஆன்ட்டி..." என்றாள் கவிப்ரியா. கண் கலங்கிவிட்டது. "ஸாரி ஆன்ட்டி. நான் இப்படித்தான். பொய் சொல்ல வரலை. ரித்திக்குக்குத் தெரியும்."

சிவகாமசுந்தரி டப்பாவைக் கை நீட்டும் அளவு நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, அடிப்பக்கத்தை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தார். அதில் பெயர் வெட்டியிருந்தது. சி. சுந்தரி.

"இது என் டப்பா" என்றார். "அவனுக்குப் பொடி போட்டு இட்லி கட்டி அனுப்பினேன். பொங்கலுக்கு. டப்பா எங்கடான்னு கேட்டா, ஆபீஸ்ல எவனோ எடுத்துட்டான்னான்."

"அவன் கழுவ மாட்டான் ஆன்ட்டி. வாசம் தாங்கலைன்னு என்கிட்ட குடுத்துட்டான். நானும் கழுவலை."

"எத்தனை மாசமா?"

"பொங்கல்லேர்ந்து."

ஹாலிலிருந்து துரைசாமி எட்டிப் பார்த்தார். வந்த பிறகு முதல்முறையாக வாய் திறந்தார். "திருச்சியில அவன் ரூம்ல எலி குட்டி போட்டுச்சே, அந்த மாதிரியாம்மா?"

"நீங்க சும்மா இருங்க! வந்த இடத்துல அதை எதுக்குச் சொல்றீங்க?" சிவகாமசுந்தரி சட்டென்று சிதம்பரம் பக்கம் திரும்பினார். முகம் கோணியிருந்தது. "அண்ணே, நான் அதை மறைச்சுத்தாண்ணே வந்தேன். பையன் மூஞ்சியைப் பார்த்து ஏமாந்துடுவீங்க, பொண்ணு குடுப்பீங்க, அப்புறம் அவளா பார்த்துக்குவான்னு. அவன் ரூமுக்குள்ள நான் மூக்குல துணி கட்டாம போனதில்ல."

"நாங்க அந்தக் கதவுப் பக்கமே போறதில்லம்மா" என்றார் சிதம்பரம். "மூச்சைப் பிடிச்சுக்கிட்டு தாண்டுவேன்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரே ஊரில் தொலைந்த இரண்டு பேர் சந்தையில் சந்தித்துக்கொண்ட மாதிரி.

"இதுங்களைத் தனியா ஒரு வீடு பார்த்துத் தள்ளிடணும்ணே" என்றார் சிவகாமசுந்தரி. "சீக்கிரமா. வேற யார் தலையிலயும் கட்ட முடியாது. கட்டினா பாவம்."

"அந்த வீட்டுப் பக்கம் நான் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்."

"நான் எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன். பேரப்பிள்ளை பொறந்தா இங்க தூக்கிட்டு வரட்டும். குளிப்பாட்டி."

சுதா சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினார். கவிப்ரியா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "அப்போ ஓகேவா ஆன்ட்டி?" என்றாள். "முதல்ல இதை ஒழிச்சுக் கட்டு, அப்புறம் பேசுறேன்" என்று சிவகாமசுந்தரி டப்பாவை நீட்டினார். கவிப்ரியா பின்னால் நகர்ந்தாள். அவளுக்கே குமட்டியது.

கடைசியில் சிதம்பரம்தான் வந்தார். இரண்டு கையிலும் கையுறை, மூக்கில் துண்டு. சமையலறையிலிருந்து குப்பையைக் கீழே தள்ளிவிடும் குழாயின் மூடியைச் சிவகாமசுந்தரி புடவை முந்தானையால் பிடித்துத் திறந்தார். டப்பாவைக் கழுவி வைத்துக்கொள்ளலாமா என்று அவர் ஒரு நொடி யோசித்த மாதிரி இருந்தது, நல்ல கனமான எவர்சில்வர். மூடி இன்னும் கொஞ்சம் நகர்ந்தது. இருவரும் ஒரே குரலில் "உவ்வே" என்றார்கள். டப்பா போய்விட்டது. ஒவ்வொரு மாடியாகத் தடதடவென்று இடித்துக்கொண்டு அது கீழே இறங்கும் சத்தத்தை இருவரும் நின்று கேட்டார்கள்.

"தை மாசம் வெச்சுக்கலாமா?" என்றார் சிவகாமசுந்தரி, கையை மூன்றாம் தடவை சோப்புப் போட்டுக்கொண்டே.

"ஆவணியிலயே முடிச்சுடலாம்மா" என்றார் சிதம்பரம். "தை வரைக்கும் அந்த ரூம் தாங்காது."